கூட்டுக்கு யார் தோள் கொடுப்பது?

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். "எங்கட பங்கில ஒற்றுமையும் சேர்ந்து வேலை செய்யிற பழக்கமும் வர என்ன செய்யலாம்?" என்று மேலே போட்டிருக்கிறீர்கள். கீழே நீங்கள் விவரித்திருப்பது அதைவிடக் குறுகலான ஒரு விஷயம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள சபை; 140 குடும்பம், ஒரு தாய் ஆலயமும் இரண்டு சிற்றாலயமும். பங்குத்தந்தைக்கு ஆலோசனை சொல்கிற அருட்பணிச் சபையின் செயலாளர் நீங்கள். போன பெருநாளில் சொரூபக் கூட்டை, புனிதரின் சிலையை வைத்துப் பவனியில் தோளில் தூக்குகிற கூட்டை, முன்பக்கம் யார் தூக்குவது என்று வாய்த்தர்க்கம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு சிற்றாலயத்துச் சனம் பூசைக்கு வந்து பூசையோடு போய்விடுகிறது, எந்த வேலைக்கும் நிற்பதில்லை. ஒரு தொண்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை வைத்தீர்கள். பலூன் ஊதினார்கள், கயிறு பிடித்தார்கள், ரோல்ஸ் சாப்பிட்டார்கள், எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு பழையபடி. கொடியேற்றத்துக்கு இன்னும் ஏழு கிழமை, வேலை முழுக்க உங்களோடு சேர்த்து ஐந்து பேர் தலையில். ஆக, நீங்கள் கேட்பது "நாங்கள் கூப்பிட்டும் அவையள் ஏன் வருகினம் இல்லை?" என்பதுதான். கடைசி வரியில் பதவியை விட்டுவிடட்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் குருவானவர் இல்லை. மறையாசிரியராகவும் பிறகு பெருநாள் குழுக்களிலும் வன்னியில் 26 வருடம் ஓடியவன். தறப்பாளுக்குக் கீழே பூசை கண்ட காலமும் அதற்குள் அடங்கும். இடையில் சில வருடம் மத்தியஸ்த சபையில் இருந்தேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபை அது. வேலிச் சண்டை, கடன், அடிபிடி என்று நீதிமன்றம் போகத் தேவையில்லாதவற்றைப் பேசித் தீர்க்கிற இடம். அங்கே தந்த பயிற்சியில் எனக்கு ஒட்டிக்கொண்டது ஒன்றே ஒன்று: ஒருவர் கேட்பது வேறு, அவருக்கு வேண்டியது வேறு. இரண்டடி வேலிக்காக இரண்டு வளவுக்காரர் மூன்று அமர்வு வந்தார்கள். நில அளவைப் படத்தை விரித்து விரித்து எங்களுக்குக் கை உளைந்தது. மூன்றாம் நாள் ஒருவர் வாய் தவறிச் சொன்னார்: "என்ர அம்மான்ர செத்தவீட்டுக்கு இவன் படலை தாண்டி வரேல்லை." அதற்குப் பிறகு படத்தைச் சுருட்டி வைத்துவிட்டோம்.

உங்கள் கூட்டுச் சண்டையையும் அப்படித்தான் பார்க்கச் சொல்வேன். வெளியூர்க்காரருக்கு இது சின்னப்பிள்ளைச் சண்டை போலத் தெரியும். எங்களுக்குத் தெரியும், சொரூபம் தூக்குவது என்றால் என்ன என்று. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மடு மாதாவின் சொரூபத்தையே பாதுகாப்புக்காகத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. ஓகஸ்ட்டில்தான் திரும்பி வந்தது. அந்தக் காலத்தில் பல ஊர்களில் சனம் சட்டி பானையை விட்டுவிட்டு அந்தோனியாரைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடியது. ஆகவே "முன்பக்கம் நாங்கள்" என்று ஒருவர் நிற்கும்போது, "இதைக் காப்பாற்றினது நாங்கள்" என்றோ "இந்தக் கோயிலுக்குக் காடு வெட்டினது எங்கட அப்பு" என்றோ ஒரு வசனம் அதற்குள் இருக்கும். எதிர்ப்பக்கம் நிற்கிறவருக்கும் ஒரு வசனம் இருக்கும். அது என்னவென்று உங்கள் கேள்வியில் இல்லை. நீங்கள் இன்னும் போய்க் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். பட்டறை பிழைத்த இடமும் அதுதான். யாரும் யாருடைய மனத்தாங்கலையும் கேட்காமல் எல்லாரையும் ஒரே கயிற்றைப் பிடிக்க வைத்தார்கள்.

அந்தச் சிற்றாலயத்துச் சனத்தில் பெரும்பாலானோர் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரியில்தான் முழுக் கதையும் இருக்கிறது. வன்னியில் ஒரு பங்கு என்பது ஒரு ஊர் இல்லை. பரம்பரையாக இருந்தவர்கள் கொஞ்சம், 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குந்தினவர்கள் கொஞ்சம், 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து திரும்பிப் போகாதவர்கள் கொஞ்சம், கரையோரத்திலிருந்து கலியாணம் முடித்து வந்தவர்கள் கொஞ்சம். கடைசிச் சண்டையில் எல்லாரும் ஒரே பாதையால் ஓடி, ஒரே முகாம் முள்வேலிக்குள் இருந்து, திரும்பி வந்தபோது மறுபடியும் தனித்தனியாகக் குடியேறினார்கள். கூட்டத்தில் சாதி என்ற சொல்லை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். "அந்தப் பக்கத்துச் சனம்" என்பார்கள். அந்தச் சொல் உங்கள் எழுத்திலும் இரண்டு இடத்தில் வந்திருக்கிறது, தங்கச்சி. குற்றமாகச் சொல்லவில்லை, எனக்கும் நெடுநாள் வாயில் வந்த சொல்தான்.

இதில் நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று. முடிவெடுக்கும்போது கூப்பிடாத ஆட்களை வேலைக்குக் கூப்பிட்டால், அது கூலிக்குக் கூப்பிட்டது மாதிரி. கூலியும் இல்லை. உங்கள் அருட்பணிச் சபையில் அந்தச் சிற்றாலயத்திலிருந்து எத்தனை பேர் இருக்கிறார்கள், அதில் எத்தனை பேர் வாய் திறக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கோ. விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரத்தை நாங்கள் திருத்தொண்டர் நியமனம் என்று மட்டும் படிப்பிக்கிறோம். அது ஒரு பந்திச் சண்டை. கிரேக்கம் பேசும் கைம்பெண்களுக்கு நாளாந்தப் பங்கீட்டில் ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்று முறைப்பாடு வந்தது. திருத்தூதர்கள் ஒற்றுமை பற்றிப் பிரசங்கம் வைத்ததாக அந்த நூலை எழுதின லூக்கா சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். தெரிவான பெயர்களைப் பாருங்கோ: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். கடைசி ஆள் யூதராகப் பிறந்தவரே இல்லை, அந்தியோக்கியாவிலிருந்து வந்து யூத மறையைத் தழுவினவர். முறைப்பாடு எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ, அந்தப் பக்கத்து ஆட்களிடமே அகப்பையைக் கொடுத்த மாதிரித் தெரிகிறது. பெயரை மட்டும் வைத்து அவர்கள் எந்தப் பக்கம் என்று அடித்துச் சொல்ல முடியாது, பலஸ்தீன யூதருக்கும் கிரேக்கப் பெயர் இருந்தது. ஆனால் ஏழும் ஒரே மாதிரி விழுந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது கணக்கு. இதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு பெருநாளுக்கு நான் பொருளாளராக இருந்தேன். கணக்கைக் கூட்டத்தில் வாசிப்பது வழக்கம். வாசித்தால் யாருக்கும் விளங்காது, எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள், பிறகு சந்தியில் நின்று கதைப்பார்கள். அந்த வருடம் ஒரு பிறிஸ்டல் போட்டில் வரவு, செலவு எல்லாவற்றையும் மாக்கர் பேனையால் எழுதிக் கோயில் வாசலில் தொங்கவிட்டேன். தோரணத்துக்கு எவ்வளவு, ஒலிபெருக்கிக்கு எவ்வளவு, வாணத்துக்கு எவ்வளவு என்று வரி வரியாக. இரண்டாம் ஞாயிறு, கூலி வேலைக்குப் போகிற ஒருவர், அதுவரை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர், வந்து "ஐயா, கூட்டல் பிழை" என்றார். 1,850 ரூபாய் வித்தியாசம். பிழை என்னுடையதுதான், விறகுக்காசை இரண்டு தரம் எழுதியிருந்தேன். எல்லாருக்கும் முன்னால் வெட்டித் திருத்திக் கையொப்பம் வைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த வருடம் அந்த மனிசன் கணக்குக் குழுவில் இருந்தார், அவர் பின்னால் ஒன்பது குடும்பம் வந்தது. பங்குத்தந்தை தயங்கினால் இதையும் பணிவாகச் சொல்லுங்கோ: 1983இல் வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 537ஆம் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது, 1287ஆம் சட்டம் விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு விசுவாசிகளிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது, எப்படி என்பதை அந்தந்த மறைமாவட்ட ஒழுங்கு தீர்மானிக்கும். அதே தொகுப்பில் 536ஆம் சட்டம் அருட்பணிச் சபைக்கு ஆலோசனை சொல்லும் வாக்கு மட்டுமே என்கிறதையும் மறைக்கக் கூடாது. கடைசி முடிவு பங்குத்தந்தையுடையது. சில பாதர்மார் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடப்பார்கள், சிலர் கேட்டுவிட்டு வைப்பார்கள். அந்த வேலிக்குள்தான் நீங்கள் ஓட வேண்டும்.

காசு என்று வந்தால் வெளிநாட்டைத் தொடாமல் விடமுடியாது. கனடாவிலும் சுவிசிலும் பிரான்சிலும் இருக்கிற எங்கட பிள்ளைகள் இல்லையென்றால் வன்னியில் பாதிக் கோயிலுக்குக் கூரை இருக்காது; நன்றிகெட்ட கதை கதைக்கக் கூடாது. ஆனால் அந்தக் காசு பங்குக்குள் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. நற்கருணை விழாவை ஒருவர் முழுக்க எடுப்பார், பெருநாள் சாப்பாட்டை இன்னொருவர், சோடனையை இன்னொருவர். பெயர் ஒலிபெருக்கியில் போகும், மாபிள் கல்லில் ஏறும். வெளிநாட்டில் ஆளில்லாத குடும்பத்துக்கு என்ன மிச்சம்? கூட்டித் துடைக்கிறது, கதிரை அடுக்குகிறது. மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படிக் காசு அனுப்ப அங்கே ஆளில்லை. என் யோசனை இது, உங்கள் இடத்துக்குப் பொருந்துமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்: கட்டடத்துக்கு எவ்வளவு வந்தாலும் வாங்குங்கோ, பெருநாள் செலவுக்கு மட்டும் குடும்பத்துக்கு ஒரே தொகை. 500 ரூபாய் என்றால் ஆசிரியருக்கும் 500, தோட்டக்கூலிக்கும் 500. முடியாதவர் அரிசியாக, விறகாக, ஒரு நாள் உழைப்பாகக் கொடுக்கட்டும், அதற்கும் பற்றுச்சீட்டு. சோடனை மெலியும். மெலியட்டுமே. எங்கள் பங்கில் முதல் வருடம் வாணம் இல்லாமல் பெருநாள் நடந்தது. இரண்டு பெரியவர்கள் என்னோடு ஆறு மாதம் கதைக்கவில்லை.

இனி, நான் மோசமாகப் பிழைத்த கதை. ஒரு பங்கில், பெயர் வேண்டாம், வேலைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தேன். கடவுள் பார்த்துக் கொடுக்கட்டும், யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன். சமையல் ஒரு பக்கத்துக்கு விழுந்தது. அவர்கள் விடிய மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி, மூன்று கிடாரம் சோறு, பூசணிக்காய், பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல் என்று வியர்க்க வியர்க்கச் சமைத்தார்கள். பூசை முடிந்தது. சனம் வந்து நின்றது, கதைத்தது, பிறகு ஒவ்வொருவராக "வீட்டில வேலை கிடக்கு" என்று சைக்கிளை எடுத்தார்கள். சிலர் மாமர நிழலில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பார்சலை அவிழ்த்தார்கள். பன்னிரண்டரைக்கு ஒரு கிடாரம் பாதியும், இரண்டு கிடாரம் மூடி திறக்காமலும் இருந்தன. சமைத்த அக்கா ஒருவர் சேலைத் தலைப்பால் கிடாரத்து மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அழுக்கே இல்லாத மூடியை. நான் அன்றைக்குச் செய்தது அநியாயம். மனிசருக்குள்ளே கிடந்த வெட்டைச் சீட்டுப் போட்டுத் தாண்டலாம் என்று நினைத்து, அந்த அக்காவைக் கொண்டுபோய் அதன் வாயில் நிறுத்தினேன்.

அடுத்த வருடம் சீட்டு இல்லை. ஒவ்வொரு அடுப்பிலும் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் இரண்டு பேர், அரிசி கழுவுவதிலிருந்து இறக்குவது வரை. பங்குத்தந்தையும் மூப்பரும் கோயில் வேலை பார்க்கிற சக்கிடுத்தாரும் முதல் பந்தியில் எல்லாருக்கும் முன்னால் உட்கார வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தோம். சோறு போதாமல் போனது. இதைக் கேட்டு வெட்டு மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். கலியாணத்திலும் செத்தவீட்டிலும் பழைய கோடு அப்படியே இருந்தது. பொதுப்பந்தியில் உட்கார ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு பெருநாள் குழுவால் முடியும் என்று நான் உங்களுக்கு வாக்குத் தரமாட்டேன்.

"அன்பியங்களைப் பலப்படுத்துங்கோ" என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நல்ல விஷயம்தான், ஒன்றைப் பார்த்துச் செய்யுங்கோ. அன்பியம் என்கிற சின்னச் செபக்குழு வீதி வீதியாகத்தான் பிரிக்கப்படுகிறது. எங்கள் மீள்குடியேற்றத்தில் ஒரு வீதி என்றால் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வந்த சனம். ஆக அன்பியம் வளர வளர, வெட்டுக்கு ஒரு பதாகையும் ஒரு பாதுகாவலரும் கிடைக்கும். செபத்துக்கும் துக்கம் விசாரிக்கவும் வீதி அன்பியம் இருக்கட்டும். பெருநாள் வேலைக்குக் குறுக்கே வெட்டிக் குழு அமையுங்கோ: பந்தலுக்கு மூன்று வீதியிலிருந்தும் ஆள், பாடற்குழுவுக்கு மூன்றிலிருந்தும் ஆள்.

எனக்கு வேலைப் பிரிப்பைப் படிப்பித்தது முல்லைத்தீவுக் கரை. கரைவலை இழுக்கிறதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வலையைக் கடலில் வளைத்துவிட்டு, இரண்டு கம்பாக் கயிறும் கரைக்கு வரும். ஒரு கயிற்றில் ஒரு கூட்டம், நூறு இருநூறு பாகம் தள்ளி மற்றக் கயிற்றில் இன்னொரு கூட்டம். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நடந்து வரும். ஒரு பக்கம் பலசாலிகள் என்று கெதியாக இழுத்தால் வலை கோணும், மீன் மற்றப் பக்கத்தால் போகும். ஆகவே அம்பாப் பாட்டுப் பாடுகிறவர் கெட்டிக்காரரை வேகப்படுத்துவதில்லை, இரண்டு பக்கத்துக்கும் கேட்கிற மாதிரிப் பாடி ஒரே தாளத்தில் வைத்திருப்பார். மீன் கிடக்கிற வலைமடி கரையேறின பிறகு பங்கு. கோயில் பங்குக்கும் மீன் பங்குக்கும் எங்கள் மொழியில் ஒரே சொல். உங்கள் ஐந்து பேரும் கெதியாக இழுக்கிற பக்கம் என்று நினைக்கிறேன். நீங்கள் கெட்டிக்காரர்கள், சந்தேகமில்லை. மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் வேலையைச் சின்னதாக உடையுங்கோ, ஒவ்வொரு துண்டையும் ஒருவருடைய பெயரில் முழுசாக விடுங்கோ. விவிலியத்தில் நெகேமியா நூலின் 3ஆம் அதிகாரம் வாசிப்பதற்கு அலுப்பானது, எருசலேமின் இடிந்த மதிலைத் திரும்பக் கட்டினவர்களின் பெயர்ப்பட்டியல். இடிந்த ஊருக்குத் திரும்பி வந்த எங்களுக்கு அதைவிடப் பொருத்தமான அதிகாரம் இல்லை. இன்ன ஆள் இன்ன வாசலிலிருந்து இன்ன மூலைவரை, அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன், பலபேர் தன் தன் வீட்டுக்கு எதிரே இருந்த துண்டை. பொற்கொல்லரும் வாசனைத் தைலம் செய்கிறவரும் கல் அடுக்குகிறார்கள், ஒருவருடைய மகள்மாரும் அதில் இருக்கிறார்கள். தெக்கோவா ஊர்ப் பெரியவர்கள் மட்டும் தோள் கொடுக்கவில்லை என்று ஒரு வரி. ஆனால் அதே அதிகாரத்தில் பின்னால், தெக்கோவா ஊர்ச் சனம் இன்னொரு துண்டையும் கட்டினதாக இருக்கிறது. பெரியவர்கள் வராததற்காகச் சனத்தை விடவில்லை, பெரியவர்களை இழுத்துக்கொண்டும் இருக்கவில்லை. 52 நாளில் மதில் எழும்பியது. நடுவில் 5ஆம் அதிகாரத்தில் வேலை ஒரு பக்கம் நடக்க, கடனில் வயலை ஈடுவைத்த ஏழைகளின் கூக்குரல் வருகிறது, நெகேமியா அதை எடுத்துத் தீர்த்து வைக்கிறார். "முதல்ல மதிலை முடிப்பம், பிறகு பாப்பம்" என்று சொல்லவில்லை. கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி சொல்கிற வசனம் அது.

கூட்டம் என்றதும் ஒன்று. உங்கள் கூட்டம் ஞாயிறு பூசை முடிந்து பத்தரைக்கு, தாய் ஆலயத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். சிற்றாலயத்துச் சனம் வீட்டுக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு? மோட்டார்சைக்கிள் உள்ளவர்கள் இருப்பார்கள், பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எழும்பிப் போவார்கள், நீங்கள் கூட்டக்குறிப்பில் "சமுகமளிக்கவில்லை" என்று எழுதுவீர்கள். ஒரு கூட்டத்தை அவர்களுடைய சிற்றாலயத்தில் பின்னேரம் வைத்துப் பாருங்கோ. பெண்கள் வருகிற நேரம் எது என்பதையும் பெண்களிடமே கேளுங்கோ.

இளையோருக்குக் கிரிக்கெட் போட்டி வைத்தால் ஒற்றுமை வரும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. சிற்றாலயம் சிற்றாலயமாக அணி பிரித்தால் சண்டைக்கு மட்டையும் கையிலேயே இருக்கும். கலந்து பிரித்தால் பரவாயில்லை. தவக்காலத் திருப்பாடுகளின் காட்சி அதைவிட நல்ல பலன் தந்ததைப் பார்த்திருக்கிறேன், அறுபது எழுபது பேர் இல்லாமல் அது நடக்காது, மாதக்கணக்கில் இரவு இரவாக ஒத்திகை. யூதாசுக்கு ஆள் பிடிப்பது கஷ்டம் என்று நினைப்பீர்கள். இல்லை, நடிக்கத் தெரிந்தவன் அதைத்தான் கேட்பான். அடிபிடி வருவது பேதுருவுக்கு.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. சண்டை முடிந்த 2009ஐப் பற்றிப் பேசாமல் வன்னியில் ஒற்றுமை வருமா? நான் இரண்டு மாதிரியும் யோசித்திருக்கிறேன். ஒரே வாங்கில் பிள்ளையை இழந்த தாயும் இருக்கிறாள், அந்தப் பிள்ளை போனதற்கு இன்னார் காரணம் என்று அவள் நினைக்கிற ஆளும் இருக்கிறார். யார் யாரைக் காட்டிக் கொடுத்தது, யார் முந்திக் கடந்து போனது என்ற கணக்கு இன்னும் மூடவில்லை. வெளியிலிருந்து வந்த ஒரு குழு ஒரு பங்கில் மன்னிப்பு வழிபாடு வைத்தது. மனக்காயத்தைக் கடதாசியில் எழுதிப் பீடத்துக்கு முன்னால் எரிக்கச் சொன்னார்கள். ஒரு தாய் வெறுங்கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் பிறகு அந்தக் கோயிலுக்கு வர இரண்டு வருடம் ஆனது. அன்றிலிருந்து நான் பிடிக்கிற கோடு இதுதான்: இறந்தவர்களுக்காக மே மாதத்தில் பூசை, மணி, மெழுகுதிரி, அதில் எல்லாருக்கும் இடம், மன்னிக்கச் சொல்லி யாரையும் எழுப்பக் கூடாது. பேச விரும்புகிறவருக்குப் பயிற்சி பெற்ற உளவள ஆலோசகர் வேண்டும். மத்தியஸ்தப் பயிற்சியோ பெருநாள் அனுபவமோ அதற்குப் போதாது. என்னுடையதும் போதாது.

ஐந்தாறு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டதாகவும் பிரசங்கத்தில் அவர்களைக் கண்டிக்கச் சொல்லிச் சிலர் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கண்டித்தால் போனவர்கள் திரும்பமாட்டார்கள், போக நினைக்கிறவர்கள் போவார்கள். நான் விசாரித்த அளவில் வேதவசனத்துக்காகப் போனவர்கள் குறைவு. வருத்தமாகக் கிடந்தபோது அந்தப் போதகர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், நாங்கள் போகவில்லை. செத்தவீட்டிலாவது அவர்களோடு சேர்ந்து நில்லுங்கோ. இதில் என் அனுபவம் ஒரு பக்கத்து அனுபவம், மற்றப் பக்கத்திலிருந்து யாராவது எழுதினால் நானும் வாசிப்பேன்.

பதவியை விடுவதா? இப்போது வேண்டாம். பெருநாளுக்கு ஏழு கிழமை இருக்கும்போது விட்டால், கூட்டுச் சண்டையில் நீங்களும் ஒரு பக்கம் எடுத்ததாகத்தான் சனம் வாசிக்கும். பெருநாள் முடிந்து, கணக்கு வாசலில் மூன்று ஞாயிறு தொங்கிய பிறகு, அந்தச் சிற்றாலயத்திலிருந்து ஒருவரை உதவிச் செயலாளராகக் கேட்டுப் பழக்கிவிட்டு விடுங்கோ. செயலாளர் ஒருவரே ஆறு ஏழு வருடம் இருப்பதும் நல்லதில்லை. கூட்டை இந்த வருடம் யார் தூக்குவது என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். நாலு முனை இருக்கிறது, ஆலயத்திலிருந்து சந்திக்குப் போகிற வழியில் நின்று மாறுவதற்கு இடமும் இருக்கிறது. அதை எப்படிச் செய்யலாம் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களிடமும் தனித்தனியே கேட்டுவிட்டு, பிறகு பங்குத்தந்தைக்கு முன்னால் ஒன்றாகக் கேளுங்கோ. இந்த முதல் கிழமைக்குள் அந்தச் சிற்றாலயப் பக்கம் போங்கோ. அன்றைக்கு வாய் தர்க்கித்தவருடைய வீட்டுக்கே முதலில். பாதரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், ஒரு அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. தேத்தண்ணி தந்தால் முழுசாகக் குடியுங்கோ. பெருநாள் வேலையைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் கேட்க வேண்டாம், கூட்டக்குறிப்புக் கொப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கோ.